டின்லி பார்க் துணிக்கடைக் கொலைகள்: துப்பறியும் ஆர்வலர்கள் எங்கே சறுக்குகிறார்கள்

2008 பிப்ரவரி 2, சனிக்கிழமை, காலை 10:44. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், சிகாகோவுக்குத் தென்மேற்கே இருக்கும் டின்லி பார்க் என்ற புறநகரிலிருந்து அவசர உதவி எண்ணுக்கு ஓர் அழைப்பு வந்தது. அழைத்தவர் லேன் பிரையன்ட் துணிக்கடையின் மேலாளர், 42 வயதுப் பெண். வாய்விட்டுப் பேச முடியாத நிலை. கிசுகிசுத்த குரலில் கடையின் பெயரைச் சொன்னார், சீக்கிரம் வரச் சொன்னார். சில நிமிடங்களுக்குள் போலீஸ் வந்துவிட்டது. அதற்குள் கடையின் பின்னறையில் ஆறு பெண்கள் சுடப்பட்டுக் கிடந்தார்கள். ஐந்து பேருக்கு உயிர் இல்லை. சுட்டவன் கிளம்பிப் போயிருந்தான்.

இந்தக் கொலைகளுக்காக இன்றுவரை யார் மீதும் குற்றம் சாட்டப்படவில்லை. தீராத வழக்குகளை நோண்டிக்கொண்டே இருக்கும் அமெரிக்கத் துப்பறியும் ஆர்வலர்களுக்கு இது பிடித்தமான வழக்கு. பாட்காஸ்ட், யூடியூப், விவாதக் குழுக்கள் என்று ஆண்டுதோறும் பிப்ரவரி வந்தால் இது மறுபடி எழும். அவர்கள் சொல்லும் கதைகள் எதன்மேல் நிற்கின்றன, எங்கே ஆட்டம் காண்கின்றன என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. இறந்தவர்களின் பெயர்களையும் சந்தேகத்தில் இழுக்கப்பட்ட தனிமனிதர்களின் பெயர்களையும் நான் எழுதப்போவதில்லை. வழக்கைப் புரிந்துகொள்ள அவை தேவையும் இல்லை.

முதலில் இடம். கடை இருந்த ப்ரூக்சைடு மார்க்கெட்பிளேஸ் என்பது நாம் நினைக்கிற மாதிரி பல மாடி மால் அல்ல. பரந்த கார் நிறுத்துமிடம், அதைச் சுற்றித் தனித்தனி வாசலோடு பெரிய கடைகள். டார்கெட் மாதிரியான பெரிய கடையும் அங்கே உண்டு. 80-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஹார்லெம் அவென்யூ இறக்கத்திலிருந்து எட்டிப் பிடிக்கும் தூரம். லேன் பிரையன்ட் பெரிய அளவு உடைகள் விற்கும் பெண்களுக்கான கடை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் பிறந்து, அமெரிக்கா முழுக்கக் கிளை விட்ட நிறுவனம். டின்லி பார்க் கிளையில் கண்காணிப்புக் கேமரா கிடையாது. இந்த ஒரு குறை வழக்கின் தலையெழுத்தையே மாற்றிவிட்டது. ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை: கொலைகள் நடந்த மறு ஆண்டே, 2009-ல், பிசினஸ் வீக் பத்திரிகை குழந்தைகளை வளர்க்க அமெரிக்காவிலேயே சிறந்த இடம் என்று டின்லி பார்க்கைத் தேர்ந்தெடுத்தது. அப்படிப்பட்ட ஊர்.

நடந்தது என்னவென்று போலீஸ் பொதுவில் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால் இவ்வளவுதான் தேறுகிறது. கடை திறந்து சிறிது நேரத்தில், சரக்கு கொடுக்க வந்தவன் போல ஒருவன் உள்ளே வந்தான். துப்பாக்கியைக் காட்டினான். ஊழியர்கள் இருவர், வாடிக்கையாளர்கள் நால்வர், ஆக ஆறு பெண்களையும் பின்னறைக்குக் கொண்டுபோய் டேப்பால் கட்டினான். ஏறத்தாழ நாற்பது நிமிடம் உள்ளேயே இருந்தான். இடையில் மேலாளர் எப்படியோ செல்போனில் அவசர எண்ணை அழைத்துவிட்டார். அப்புறம் எல்லோரையும் சுட்டான். துப்பாக்கி .40 காலிபர் கைத்துப்பாக்கி. கடையில் பகுதிநேரமாக வேலை பார்த்த ஒரு பெண் மட்டும் கழுத்தில் காயத்தோடு பிழைத்தார்.

அவர் சொன்ன அடையாளம்தான் போலீசுக்குக் கிடைத்த பெரிய துருப்புச் சீட்டு. கறுப்பின ஆண். வயது 25 முதல் 35 வரை இருக்கலாம். உயரம் ஆறடிக்குள், ஐந்தடி ஒன்பது அங்குலத்துக்கு மேல். அகன்ற தோள், கனத்த உடம்பு, சுமார் 90 முதல் 105 கிலோ. இடுப்பளவு வரும் கறுத்த குளிர்கோட்டு. கறுப்பு ஜீன்ஸ், அதன் பின்பாக்கெட்டில் வேலைப்பாடு. தலையில் நெருக்கமாகப் பின்னிய சடைகள், அதில் ஒரு சடை முகத்தின் வலப்பக்கம் தொங்குகிறது, அதில் நான்கு இளம்பச்சை மணிகள் கோத்திருக்கின்றன.

அந்த மணிகளை மட்டும் வைத்தே ஆர்வலர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஒரு தரப்பு சொல்கிறது: கொள்ளையடிக்கப் போகிறவன் ஊரே திரும்பிப் பார்க்கும் அடையாளத்தோடு போவானா? ஆக அது பொய் முடி. சாட்சிகள் மணியையே பார்த்துக்கொண்டிருக்கட்டும், முகத்தை மறந்துவிடட்டும் என்று திட்டமிட்டே வைத்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வாதத்தில் ஒரு சிக்கல் உண்டு. கொள்ளையில் இறங்குகிறவர்கள் எல்லோரும் சதுரங்கம் ஆடுகிற மாதிரி யோசித்துத்தான் இறங்குவார்கள் என்று அது எடுத்துக்கொள்கிறது. கிடைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, முகத்தைக்கூட மறைக்காமல் கொள்ளையடிக்கப் போனவர்களால் உலகத்தின் சிறைகள் நிரம்பியிருக்கின்றன. மணி என்பது அன்று காலை அவன் தலையில் இருந்த மணி, அவ்வளவுதானாக இருக்கலாம். பொய் முடியா நிஜ முடியா என்று தீர்மானிக்கப் பொதுவில் இருக்கும் தகவல் எதுவும் போதாது. ஒன்று மட்டும் சொல்லலாம்: நிஜ முடியாக இருந்தால், அந்தச் சடையைப் பின்னிவிட்ட கை ஒன்று இருக்கிறது. நெருக்கமாகச் சடை பின்ன மணிக்கணக்கில் ஆகும், பெரும்பாலும் ஒருவர் உட்கார்ந்து இன்னொருவர் பின்னுவார். மணியை மாறுவேஷமாகப் பார்க்கிறவர்கள் இந்த இரண்டாவது ஆளைக் கண்டுகொள்வதே இல்லை.

அடுத்து, அந்த நாற்பது நிமிடம். இங்கேதான் கதைகள் கிளை பிரிகின்றன.

போலீஸ் தொடக்கத்திலிருந்து சொல்வது, கொள்ளை முயற்சி கைமீறிப் போனது என்று. அதை நம்பாதவர்கள் கேட்கும் கேள்வி எளிமையானது. சனிக்கிழமை காலை, கடை அப்போதுதான் திறந்திருக்கிறது. கல்லாவில் சில்லறை கொடுக்க வைத்திருக்கும் பணம் மட்டுமே இருக்கும். பெண்கள் உடைக்கடையில் பெரும்பாலான வியாபாரம் கார்டில் நடக்கும். நிறுத்துமிடத்தைச் சுற்றி இத்தனை கடை இருக்க, இதில் வந்து நுழைவானேன்? நுழைந்தவன் ஐந்து நிமிடத்தில் கிளம்பாமல் நாற்பது நிமிடம் ஏன் இருந்தான்? இதிலிருந்து ஒரே தாவலாக அவர்கள் இறங்கும் இடம்: அவன் பணத்துக்கு வரவில்லை, ஆளுக்கு வந்தான். ஆறு பேரில் ஒருவர் குறி, மற்றவர்கள் சாட்சி சொல்லக் கூடாது என்பதற்காகக் கொல்லப்பட்டவர்கள்.

இந்தக் கதையில் என்ன கோளாறு என்றால், அது எழுப்பும் கேள்விக்கே அது பதில் சொல்வதில்லை. ஒருவரைக் கொல்ல வந்தவனுக்கு நாற்பது நிமிடம் இன்னும் அபத்தம். குறி உள்ளே வந்ததும் வேலையை முடித்துவிட்டுப் போவான், ஆறு பேரைக் கட்டிப்போட்டுக் காத்திருக்க மாட்டான். வாடிக்கையாளர்களில் யார் எப்போது வருவார்கள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அவர்களில் ஒருவர் பக்கத்து மாநிலமான இண்டியானாவிலிருந்து வந்திருந்தவர். அப்படியானால் குறி ஊழியர்தான் என்று அடுத்த வாதம் வரும். வாசலில் யாரும் இல்லாத நேரத்தில், கடை திறப்பதற்கு முன்போ இரவு மூடும்போதோ ஊழியரைப் பிடிப்பது எவ்வளவு எளிது. வாடிக்கையாளர் வரத் தொடங்கும் நேரத்தைத் தேர்ந்தெடுப்பானேன்?

எனக்குப் படுவது வேறு. நாற்பது நிமிடத்தை அவன் தேர்ந்தெடுக்கவில்லை, அது அவன்மேல் வந்து விழுந்தது. சனிக்கிழமை காலை என்பதால் வாடிக்கையாளர்கள் வந்துகொண்டே இருந்திருப்பார்கள். வருகிற ஒவ்வொருவரையும் மிரட்ட வேண்டும், பின்னால் கொண்டுபோக வேண்டும், கட்ட வேண்டும். அவன் ஒருவன். ஒருத்தரைச் சமாளிப்பதற்குள் கதவு மறுபடி திறக்கிறது. இருவரை மிரட்டிக் கல்லாவை வழித்துக்கொண்டு போகலாம் என்று வந்தவன் ஆறு பேரோடு மாட்டிக்கொள்கிறான், வெளியே போகும் வழி ஒவ்வொரு நிமிடமும் குறுகுகிறது. அந்த நேரத்தில் மேலாளர் போன் செய்தது தெரிகிறது. இதுவும் ஊகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதற்குக் கூடுதலாக எந்த ரகசியப் பகையும், எந்தக் கூலிக் கொலையாளியும் தேவைப்படவில்லை. பொதுவில் இருக்கும் ஐந்தாறு தகவல்களை மட்டும் வைத்தே அது நிற்கிறது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். இணையத்தில் சிலர் மேலாளர் போன் செய்ததால்தான் எல்லோரும் செத்தார்கள் என்கிற தொனியில் எழுதுகிறார்கள். முகத்தை மறைக்காத, ஆறு பேர் நேருக்கு நேர் பார்த்துவிட்ட ஒருவன், போன் வராவிட்டால் எல்லோரையும் உயிரோடு விட்டிருப்பான் என்று இவர்களுக்கு யார் சொன்னது? அந்த அழைப்பின் பதிவில்தான் கொலைகாரனின் குரல் சில நொடிகள் பதிவாகியிருக்கிறது. போலீஸ் அந்தத் துண்டைப் பொதுமக்களுக்கு வெளியிட்டது. கேமரா இல்லாத கடையில், அவனுடைய குரல் என்கிற ஒரே நேரடிப் பதிவை விட்டுச் சென்றவர் அந்த மேலாளர்.

நெடுஞ்சாலைக் கதை இன்னொன்று. 80-ஆம் எண் சாலை நியூயார்க் பக்கத்திலிருந்து கலிஃபோர்னியா வரை நாட்டைக் குறுக்கே வெட்டிப் போகிறது. கடை அதன் ஓரத்தில். ஆகவே அவன் ஊர் விட்டு ஊர் போகிறவன், லாரி ஓட்டுநர், சரக்கு கொடுப்பவன் வேஷம்கூட வேஷமே அல்ல என்கிறார்கள். இதற்கு முன்னுதாரணமும் காட்டுவார்கள். 1992 ஏப்ரல் 8 முதல் மே 7 வரை, ஒரே மாதத்தில், பெரும்பாலும் 70-ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களில் சின்னச் சின்னக் கடைகளில் ஆறு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இண்டியானாபொலிஸில் காலணிக் கடை, விச்சிட்டாவில் மணப்பெண் உடைக்கடை, செயின்ட் சார்ல்ஸில் பூட்ஸ் கடை என்று. கொல்லப்பட்டவர்களில் ஐவர் பெண்கள். ஆறாமவர் நீளமான குதிரைவால் முடி வைத்த ஆண். பின்னாலிருந்து பார்த்துப் பெண் என்று நினைத்திருப்பான் என்பது விசாரணை செய்தவர்களின் கணிப்பு. அந்த வழக்கும் தீரவில்லை. 2021-ல் புதிதாக ஒரு தனிப்படை அமைத்தார்கள்.

ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒற்றுமையைவிட வேற்றுமைதான் கண்ணில் படுகிறது. 1992-ல் கொன்றவன் தனியாக இருக்கும் ஊழியரைத் தேர்ந்தெடுத்தான், வேகமாக முடித்தான், நகர்ந்தான். டின்லி பார்க்கில் நேர்மாறு. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: சிகாகோ புறநகரில் எந்தக் கடையை எடுத்தாலும் அது ஏதாவது ஒரு நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். கடைக்காரர்கள் அதற்காகவே அங்கே கடை போடுகிறார்கள். ‘நெடுஞ்சாலைக்கு அருகில்’ என்பது துப்பே அல்ல.

சிகாகோ பகுதியில் இதற்கு முன்பே இப்படி ஒரு வழக்கு நடந்து, தீர்ந்தும் இருக்கிறது. ஆர்வலர்கள் அதை ஒப்பிடுவார்கள், ஆனால் அதிலிருந்து எடுக்க வேண்டியதை எடுப்பதில்லை என்பது என் கருத்து.

1993 ஜனவரி 8, வெள்ளிக்கிழமை இரவு. சிகாகோவுக்கு வடமேற்கே பலடைன் என்ற ஊரில் பிரவுன்ஸ் சிக்கன் உணவகம். உரிமையாளர் தம்பதி, ஐந்து ஊழியர்கள், ஆக ஏழு பேர் கொல்லப்பட்டு, குளிர்பதன அறைகளில் கிடந்தார்கள். கொள்ளை போனது 2,000 டாலருக்கும் குறைவு. டின்லி பார்க்கில் நடந்தது கொள்ளை முயற்சி இல்லை, அதற்குப் பணம் போதாது என்று வாதிடுகிறவர்கள் இந்தத் தொகையைக் கொஞ்சம் பார்க்கலாம். பலடைனில் முதல் சில நாட்களிலேயே வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு முன்னாள் ஊழியர்மேல் சந்தேகம் பாய்ந்தது. பிடித்துவைத்து விசாரித்தார்கள், ஒன்றும் இல்லை என்று விட்டார்கள். ஆனால் தொலைக்காட்சியில் அவர் பெயர் அடிபட்டது அடிபட்டதுதான். அப்புறம் ஒன்பது ஆண்டுகள் வதந்தி, ஊகம், ஆயிரக்கணக்கான துப்புகள்.

வழக்கைத் திறந்த சாவிகள் இரண்டு. ஒன்று, குப்பைத் தொட்டியில் கிடந்த பாதி தின்ற கோழித் துண்டுகள். கடை மூடும் நேரத்தில் குப்பை கொட்டப்பட்டு, தொட்டியில் அந்த ஒரு சாப்பாடு மட்டும் கிடந்திருக்கிறது. கல்லாப் பதிவில் அன்றிரவின் கடைசி விற்பனை இரவு 9:08-க்கு. தடயவியல் நிபுணர் ஒருவர் அதில் விஷயம் இருக்கும் என்று பொட்டலம் கட்டி உறையவைத்துவிட்டார். எச்சிலிலிருந்து இவ்வளவு குறைந்த அளவில் டிஎன்ஏ எடுக்கும் தொழில்நுட்பம் 1993-ல் கைவரவில்லை. பின்னால் வந்தது. எடுத்தார்கள், ஓர் ஆணின் டிஎன்ஏ கிடைத்தது. அது யாருடையது என்றுதான் தெரியவில்லை. இரண்டாவது சாவி 2002-ல் வந்தது. கொலைகாரர்களில் ஒருவனின் முன்னாள் காதலி, ஒரு தோழி மூலம் போலீசிடம் பேசினார். கொலைகள் நடந்த சில நாட்களிலேயே அவர்கள் தன்னிடம் சொல்லிவிட்டதாகவும், பயத்தில் வாயைத் திறக்கவில்லை என்றும் சொன்னார். அவர் சொன்ன இருவரில் ஹுவான் லூனாவின் டிஎன்ஏ கோழித் துண்டோடு பொருந்தியது. அவன் அந்தக் கடையின் முன்னாள் ஊழியர். 2007-ல் அவனுக்கும், 2009-ல் கூட்டாளி ஜேம்ஸ் டிகோர்ஸ்கிக்கும் குற்றம் உறுதியாகி ஆயுள் தண்டனை.

ஒன்பது ஆண்டுகள் வெளியே நடந்த எந்த ஊகமும் அந்த இரண்டு சாவிகளில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. தொட்டிருக்கவும் முடியாது. ஒன்று ஆய்வகத்தின் உறைபெட்டியில் இருந்தது, இன்னொன்று ஒரு பெண்ணின் மனதுக்குள் இருந்தது. டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் நடந்ததும் இதே பாடம், இன்னும் கசப்பாக. 1991 டிசம்பர் 6 இரவு ஒரு தயிர் ஐஸ்கிரீம் கடையில் பதின்வயதுப் பெண்கள் நால்வர் கொல்லப்பட்டு, கடைக்குத் தீ வைக்கப்பட்டது. அந்தக் கொலைகளை நான்தான் செய்தேன் என்று ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் வெவ்வேறு காலங்களில் போலீசிடம் சொன்னார்கள். 1999 அக்டோபரில் நான்கு இளைஞர்கள் கைது. நீண்ட விசாரணைக்குப் பின் வாங்கிய வாக்குமூலங்களை வைத்து இருவருக்குத் தண்டனை, அதில் ஒருவருக்கு மரண தண்டனை. பிறகு தீர்ப்புகள் ரத்தாயின. டிஎன்ஏ அவர்கள் யாருடையதும் இல்லை என்று தெரிந்தது. 2009-ல் விடுதலை.

2025 செப்டம்பரில் ஆஸ்டின் போலீஸ் ராபர்ட் யூஜீன் ப்ராஷர்ஸ் என்பவன்தான் கொலைகாரன் என்று அறிவித்தது. பல மாநிலங்களில் கொலையும் வன்புணர்வும் செய்த ஆள். கடையின் தரை வடிகாலில் கிடைத்த ஒரு .380 தோட்டா உறை, தோட்டாத் தடயங்களை ஒப்பிடும் தேசியக் கணினி வலையில் கென்டக்கி மாநிலத்தின் வேறொரு கொலையோடு பொருந்தியது. டிஎன்ஏ தென் கரோலினாவின் 1990 கொலையோடு பொருந்தியது. ப்ராஷர்ஸ் 1999 ஜனவரியிலேயே போலீஸ் சுற்றிவளைத்தபோது தன்னைத்தானே சுட்டுக்கொண்டு செத்திருந்தான். அதாவது அந்த நான்கு இளைஞர்களைக் கைது செய்தபோது, உண்மையான ஆள் இறந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அதன்பின் கால் நூற்றாண்டு நடந்த வாதப் பிரதிவாதம் பெரும்பாலும் அந்த நால்வர் செய்தார்களா இல்லையா என்பதைச் சுற்றியே ஓடியது.

போலீஸ் ஏன் எல்லாவற்றையும் சொல்லாமல் மறைக்கிறது என்று கோபப்படுகிறவர்களுக்கு ஆஸ்டினின் அந்த ஐம்பது பேரே பதில். செய்யாத கொலையைச் செய்தேன் என்று வருகிறவர்களை வடிகட்ட ஒரே வழி, கொலைகாரனுக்கு மட்டுமே தெரிந்திருக்கும் சில விவரங்களைப் பூட்டிவைப்பது. டின்லி பார்க்கிலும் நிச்சயம் அப்படிப் பூட்டிவைத்தவை இருக்கும். ஆர்வலர்களின் கதைகளில் பெரும்பாலானவை இந்தப் பூட்டிய இடங்களில்தான் முளைக்கின்றன. தகவல் இல்லாத இடத்தை, தகவலை மறைக்கும் சதி என்று வாசிக்கிறார்கள். டேப்பை அவன் கொண்டுவந்தானா, கடையிலிருந்து எடுத்தானா என்ற ஒரே கேள்வியிலிருந்து அவன் ராணுவத்தில் இருந்தவன், சிறையில் இருந்தவன், முன்பே இதைச் செய்தவன் என்று மூன்று மாடி கட்டிவிடுவார்கள்.

கதை கட்டுவதோடு நின்றால் பரவாயில்லை. ஆளைக் காட்டத் தொடங்கும்போதுதான் விபரீதம். 2013 ஏப்ரலில் பாஸ்டன் மராத்தான் குண்டுவெடிப்பு நடந்தபோது ரெடிட்டில் படங்களை அலசியவர்கள், ஏற்கெனவே காணாமல் போயிருந்த ஒரு கல்லூரி மாணவரைக் குற்றவாளி என்று முடிவு கட்டினார்கள். அவர் பிணமாகத்தான் கிடைத்தார், குண்டுவெடிப்புக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மகனைத் தேடிக்கொண்டிருந்த குடும்பத்தின்மேல் இணையமே பாய்ந்தது. ரெடிட் நிர்வாகம் பிறகு மன்னிப்புக் கேட்டது. 2022 நவம்பரில் ஐடஹோ பல்கலைக்கழக மாணவர்கள் நால்வர் கொல்லப்பட்டபோது, டாரட் சீட்டு பார்த்துக் குறிசொல்லும் ஒருவர் டிக்டாக்கில் அங்குள்ள ஒரு பேராசிரியையைக் கொலைகாரி என்றார். பேராசிரியை அவதூறு வழக்குப் போட்டு, நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நிஜக் குற்றவாளி பிரையன் கோபர்கர் அந்த டிசம்பரிலேயே பிடிபட்டு, 2025-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டான்.

டின்லி பார்க்கில் இந்த ஆபத்துக்கு இன்னொரு முகம் உண்டு. பிழைத்த பெண் சொன்னதை வைத்துப் போலீஸ் வெளியிட்ட வரைபடத்தில் இருப்பவன் சடை பின்னிய, கட்டுமஸ்தான, முப்பது வயதுக் கறுப்பின ஆண். சிகாகோவின் தென்பகுதியிலும் தெற்குப் புறநகர்களிலும் அந்த அடையாளத்துக்குப் பொருந்துகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? படம் வந்ததும் ஆயிரக்கணக்கான துப்புகள் குவிந்தன. ஒவ்வொரு துப்புக்குப் பின்னாலும் ஒருவர் இருக்கிறார், அவர் அன்று காலை எங்கே இருந்தார் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. வெளியே இருக்கும் ஆர்வலர்கள் சிறைத்துறையின் இணையதளங்களில் இருக்கும் கைதிப் படங்களை எடுத்து வரைபடத்தின் பக்கத்தில் ஒட்டி, பாருங்கள் அதே மூக்கு, அதே கன்னம் என்பார்கள். ஒரே சாட்சி, சாவின் விளிம்பில் நின்று பார்த்த முகத்தை நினைவிலிருந்து சொல்ல, ஓவியர் வரைந்த படம் அது. புகைப்படத்தோடு மூக்கை அளந்து ஒப்பிடுவதற்காக வரைந்ததல்ல. தெரிந்தவர் யாராவது பார்த்தால் சட்டென்று பொறி தட்டட்டும் என்பதற்காக மட்டுமே.

அதைவிட மோசமானது பிழைத்த பெண்ணைத் தேடுவது. போலீஸ் அவர் பெயரைக் கடைசிவரை வெளியிடவில்லை. காரணம் வெளிப்படை: கொலைகாரன் வெளியே இருக்கிறான், அவனை அடையாளம் சொல்லக்கூடிய ஒரே ஆள் இவர். இதைத் தெரிந்துகொண்டே அவர் யார், எங்கே வேலை பார்க்கிறார் என்று துழாவுகிறவர்கள் உண்டு. இன்னும் ஒரு படி மேலே போய், ஐந்து பேர் சாக இவர் மட்டும் எப்படிப் பிழைத்தார் என்று கேட்பவர்களும் உண்டு. துப்பாக்கிக் குண்டு பட்டவர் பிழைத்ததற்கு விளக்கம் கேட்கும் புத்திக்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை.

எல்லா ஆர்வலர்களையும் ஒரே தட்டில் வைப்பது சரியில்லை. அவர்கள் சாதித்த இடங்களும் உண்டு, அவை எவை என்று பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. 1968-ல் கென்டக்கியில் கூடாரத் துணியில் சுற்றிக் கிடந்த ஒரு பெண்ணின் உடல் முப்பது ஆண்டுகள் பெயரில்லாமல் இருந்தது. டென்னஸியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த டாட் மேத்யூஸ் என்பவர் 1998-ல் இணையத்தில் காணாமல் போனவர்களின் அறிவிப்புகளைத் துழாவி, அந்தப் பெண்ணின் தங்கை போட்ட அறிவிப்பைக் கண்டுபிடித்தார். 2018-ல் கலிஃபோர்னியாவின் தொடர் கொலைகாரன் ஜோசப் டிஆஞ்சலோ சிக்கியது, பார்பரா ரே-வென்டர் போன்ற வம்சாவளி ஆராய்ச்சியாளர்கள் டிஎன்ஏவை வைத்துக் குடும்ப மரங்களைப் பின்தொடர்ந்து வந்ததால். முதலாவதில் எல்லாத் தகவலும் பொதுவில் கிடந்தது, பொறுமையாகச் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லாமல் இருந்தது. இரண்டாவதில் போலீசே தடயத்தைக் கையில் கொடுத்தது. இரண்டிலும் தப்பான ஆளைச் சொன்னால் ஆய்வகம் உடனே இல்லை என்று சொல்லிவிடும். டின்லி பார்க்கில் இந்த மூன்றில் எதுவும் வெளியே இருப்பவர்கள் கையில் இல்லை.

வழக்கு மங்கிப்போனதற்கு நேரமும் ஒரு காரணம். கொலைகள் நடந்து பன்னிரண்டாவது நாள், 2008 பிப்ரவரி 14, அதே மாநிலத்தில் வடக்கு இல்லினாய் பல்கலைக்கழக வகுப்பறையில் ஒருவன் துப்பாக்கியால் சுட்டு ஐந்து மாணவர்களைக் கொன்றான். தொலைக்காட்சி வண்டிகள் எல்லாம் டிகால்ப் நகரத்துக்குக் கிளம்பிவிட்டன. அந்தக் கடை மறுபடி திறக்கவே இல்லை. சில ஆண்டுகள் காலியாகக் கிடந்து, பிறகு வேறொரு உடைக்கடை அங்கே வந்தது.

போலீஸ் இன்னும் விடவில்லை. ஆண்டுதோறும் பிப்ரவரியில் அறிவிப்பு வருகிறது. 2021-ல் பழைய வரைபடத்தை முப்பரிமாணக் கணினிப் படமாக மாற்றி வெளியிட்டார்கள். அவனுக்குக் கைதும் தண்டனையும் வாங்கித்தரும் தகவலுக்கு 1,00,000 டாலர் பரிசு அறிவிக்கப்பட்டிருக்கிறது. இல்லினாயில் கொலைக்கு வழக்குத் தொடரும் காலவரம்பு கிடையாது. மரண தண்டனையை அந்த மாநிலம் 2011-ல் ஒழித்துவிட்டது, ஆக இன்று அவனைக் காட்டிக்கொடுக்கும் உறவினரோ நண்பரோ அவனைக் கொலைக்களத்துக்கு அனுப்புகிறோம் என்று தயங்க வேண்டியதில்லை. அன்று 25 முதல் 35 வயது என்றால் இப்போது அவன் நாற்பதுகளில், அல்லது ஐம்பதைத் தாண்டி இருப்பான், உயிரோடு இருந்தால். அந்தப் பிப்ரவரி வாரம் அவசரமாகச் சடையை வெட்டிக்கொண்ட, கைத்துப்பாக்கியை எங்கோ தொலைத்த, சனிக்கிழமை எங்கே போனாய் என்று கேட்டால் எரிந்து விழுந்த ஓர் ஆளை யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கும். பலடைனில் அப்படி ஒருவர் வாயைத் திறக்க ஒன்பது ஆண்டுகள் பிடித்தன. டின்லி பார்க் அதன் இரண்டு மடங்குக் காலத்தை நெருங்கிவிட்டது.